காயத்துக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரைக்கே விளையாட்டு வீரர் அடிமையானால், தவறு டாக்டருடையதா, வீரருடையதா?

எனக்கு நடந்ததை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஓமலூர் பக்கம் கபடி ஆடியவன் நான், ரைடர். 2017 ஆடியில் ஒரு கோயில் திருவிழாப் போட்டி. நடுக்கோட்டைத் தொடத் திரும்பும்போது கார்னரில் நின்றவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடால் கலந்த மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

போட்ட அரை மணி நேரத்தில் வலியோடு, ஆட முடியாத துக்கமும் போய்விடும். டிரமடால் அபின் குடும்பத்து மருந்து, நாள்பட எடுத்தால் உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று முறை ரிவ்யூவுக்குப் போனேன். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்ப்பார், சீட்டில் ‘அதையே தொடரவும்’ என்று எழுதுவார். எத்தனை நாள், எப்போது குறைப்பது என்று ஒரு வரி கிடையாது. எங்கள் அப்பா குடியால் போனவர். வீட்டில் யாருக்காவது போதைப் பழக்கம் உண்டா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆபரேஷன் அருமையாகச் செய்தவர்தான், அந்தக் கால் இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு நிமிடப் பேச்சைப் பேசாதது அவர் தவறு.

அப்புறம் என் தவறு. நாலாம் மாதம் முட்டி வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பழைய சீட்டில் தேதி இருந்த இடத்தை மடித்து ஜெராக்ஸ் எடுத்து, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடை, ஐந்து ரோட்டில் ஒரு கடை, அஸ்தம்பட்டியில் ஒரு கடை என்று சுற்றினேன். பிசியோவுக்கு என்று மனைவியிடம் வாங்கிய பணம் அது. இதில் எந்த டாக்டரும் இல்லை.

2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கொஞ்ச நாளில் கடைத் தம்பி ஜெராக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒரிஜினல் சீட்டு இல்லாம இனிமே தர முடியாதுங்கண்ணா.” இரண்டே நாளில் மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி, அந்த வெயிலிலும் மயிர்க்கூச்செறிந்தது, ராத்திரி முழுக்கக் கால் இழுத்தது. காய்ச்சல் என்று நினைத்து அம்மா கஷாயம் வைத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இருந்த டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு வாரத்துக்கு எண்ணித்தான் மாத்திரை கொடுப்பார், அடுத்த வாரம் காலி அட்டையைக் காட்ட வேண்டும், அளவு குறைந்துகொண்டே வரும். முதல் டாக்டரிடம் எது இல்லையோ, அது இந்த அட்டைக் கணக்குதான் என்று அப்போது புரிந்தது.

டெரெக் பூகார்ட் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் 2011இல், 28 வயதில், ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்ததால் இறந்தார். அணி மருத்துவர்கள் மாத்திரையை அள்ளிக் கொடுத்தார்கள் என்று குடும்பம் வழக்குப் போட்டது. அவர் வெளியிலும் வாங்கியிருந்தார். இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது. டாக்டர் தவறினார் என்பதால் என் பொய் சின்னதாகிவிடாது, நான் பொய் சொன்னேன் என்பதால் அவர் கடமையும் கழிந்துவிடாது.

2024 ஜனவரியிலிருந்து, போட்டியின்போது டிரமடால் எடுப்பதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தடை செய்திருக்கிறது. திருவிழாக் கபடியில் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். யாருக்கு அடிபட்டாலும் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்வேன். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் 14446க்குக் கூப்பிடுங்கள், போதை மீட்புக்கான இலவச எண்.

போன மாதம் தோள்பட்டை இறங்கிய பையன் ஒருவன் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினான். ‘5 நாள் மட்டும், பிறகு வந்து காட்டவும்’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தார் அந்த டாக்டர்.