பாட் மிட்ஸ்வாவும் பள்ளிக் கட்டணமும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் மகளின் வகுப்புத் தோழிக்கு அடுத்த மாதம் பாட் மிட்ஸ்வா என்ற யூதச் சமய விழா. அழைப்பிதழோடு அந்தப் பெண் ஒரு குறிப்பும் அனுப்பியிருக்கிறாள். ஆப்பிரிக்காவில் பெண்பிள்ளைகளைப் படிக்கவைக்கும் காம்ஃபெட் அமைப்புக்கு நிதி திரட்டுகிறாளாம்; விருப்பமுள்ளவர்கள் பரிசுக்குப் பதில் அதற்குத் தரலாமாம். "பெரிய மண்டபத்தில் விருந்து வைத்துவிட்டு இது எதற்கு? கல்லூரி விண்ணப்பத்தில் காட்டவா?" என்கிறார் என் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்யும் இந்தச் சேவைக்கு அர்த்தம் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நிச்சயம் உண்டு. அதிலும் பெண்கல்வியை அவள் எடுத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பாட் மிட்ஸ்வா என்றதும் நம்மவர்கள் மஞ்சள் நீராட்டு விழாவை நினைப்பார்கள். இது பூப்பெய்துவதை ஒட்டிய சடங்கு இல்லை. பன்னிரண்டு வயதில், பல சபைகளில் பதின்மூன்றில், ஒரு யூதப் பெண் சமயக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாகிறாள். தானமும் அந்தக் கட்டளைகளில் ஒன்று. மனம் இரங்கினால் கொடுக்கலாம் என்று அந்த மரபு விட்டுவிடவில்லை. தானம் வாங்கி வாழும் ஏழையும் தன் பங்குக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஆகவே சேவைத் திட்டத்தை விழாவுக்கு ஒட்டவைத்த அலங்காரமாகப் பார்க்கவேண்டாம். இன்றைய வடிவம் புதிதுதான், ஆனால் வேர் உண்டு. எழுபது, எண்பதுகளில் அமெரிக்கப் பிள்ளைகள் பலர், சோவியத் நாட்டில் விழா நடத்த முடியாத ஒரு யூதப் பிள்ளையைத் தங்கள் இணையாக வரித்து, அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி விழா நடத்தினார்கள்.

சரி, ஏன் பெண்கல்வி? அந்தச் சிறுமி மேடையில் நிற்பதே ஒரு நீண்ட வழக்கின் முடிவு. மகளுக்கு யூத வேதமான தோராவைக் கற்பிப்பது தந்தையின் கடமை என்றார் பழங்கால யூத அறிஞர் பென் அஸ்ஸாய். கூடவே கூடாது என்றார் இன்னோர் அறிஞர், ரபி (மதகுரு) எலியேசர். இரண்டையும் யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முட் அடுத்தடுத்துப் பதிவு செய்திருக்கிறது. நூற்றாண்டுகளாக நடைமுறையில் வென்றது எலியேசர் பக்கம். 1917-இல் போலந்தின் கிராகோவில் சாரா ஷெனிரெர் என்ற தையல்காரப் பெண், வைதிக யூதச் சிறுமிகளுக்காக பைஸ் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்குள் அது நூற்றுக்கணக்கான பள்ளிகளாகப் பெருகியது. 1922 மார்ச் 18-இல் நியூயார்க்கில், ரபி மொர்தெகாய் கப்லானின் மகள் ஜூடித் சபைக்கு முன் நின்று வேதப்பகுதியை வாசித்தாள். அமெரிக்காவின் முதல் பாட் மிட்ஸ்வாவாக அதைத்தான் சொல்கிறார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆனால் தோராச் சுருளிலிருந்து வாசிக்க விடவில்லை. வாசிப்பு மேடைக்குக் கீழே, சற்றுத் தள்ளி நின்று, அச்சிட்ட புத்தகத்திலிருந்து வாசித்தாள். பிற்காலத்தில் இசை அறிஞரானார். எண்பத்திரண்டாம் வயதில் மறுபடியும் பாட் மிட்ஸ்வா கொண்டாடினார்.

யூத அறிஞர் மைமோனிடெஸையும் சொல்லவேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தவர். மேல்படி, ஒருவர் இனி யாரிடமும் கை நீட்டாதபடி அவரை நிலைநிறுத்துவது. அடுத்தது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத தானம். இதே மைமோனிடெஸ்தான் மகளுக்குத் தோரா கற்பிக்காதே என்ற கட்சியையும் வழிமொழிந்தார். அவர் வகுத்த மேல்படியில் ஏறத் தகுதியான தானம் என்று நான் முதலில் சொல்வது, ஒரு பெண்ணைப் படிக்கவைப்பதை. அவர் வகுத்த படிகளை வைத்தே அவரைத் திருத்தியிருக்கிறார்கள் இப்படி நிதி திரட்டும் பெண்கள் என்று எண்ணும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

காம்ஃபெட்டும் நல்ல தேர்வு. ஆன் காட்டன் 1993-இல் ஜிம்பாப்வேயில் முப்பத்திரண்டு சிறுமிகளோடு தொடங்கினார். பெற்றோருக்குப் பெண்ணைப் படிக்கவைக்க மனமில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் கிராமத்தில் கண்டது வறுமையை. ஒரு பிள்ளைக்குத்தான் கட்டணம் கட்ட முடியும் என்றால், நாளை வேலை கிடைக்க வாய்ப்புள்ள மகனை அனுப்புவார்கள். அப்படியென்றால் கட்டணம், சீருடை, நோட்டு, விடுதிச் செலவு கிடைத்தால் கதவு திறக்கும். அங்கே படித்த பெண்கள் 1998-இல் தங்களுக்குள் சங்கம் அமைத்து, இப்போது அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்குக் கைகொடுக்கிறார்கள்.

உங்கள் கணவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. விழா முடிந்ததும் மறந்துபோகும் திட்டங்கள் உண்டு. உயர்நிலைப் பள்ளிப் படிப்போ பல ஆண்டுகள் நீள்வது. நடுவில் பணம் நின்றால் அந்தப் பெண்ணும் நின்றுவிடுவாள். ஒரே நாளில் பெருந்தொகை திரட்டுவதைவிட, ஆண்டுதோறும் சிறுதொகை தொடர்வதே மேல் என்பது என் உறுதியான எண்ணம். கல்லூரி விண்ணப்பத்துக்காகவே ஒருத்தி தொடங்கினாலும், எங்கோ ஒரு பெண்ணின் கட்டணம் கட்டப்பட்டுவிடும். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

எவ்வளவு தருவது என்று யோசிப்பீர்கள். பதினெட்டின் மடங்குகளில் தருவது அவர்கள் வழக்கம். உயிர் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்மதிப்பைக் கூட்டினால் 18 வரும். முப்பத்தாறோ ஐம்பத்துநான்கோ டாலர் அனுப்புங்கள். அப்புறம், அடுத்த ஆண்டும் இதைத் தொடர்வாளா, தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று உங்கள் மகளையே தோழியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்