மழை பட்டால் ஏர்கோன் வாரண்டி போய்விடுமா?

பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு, வயதான அம்மாவுக்காக வாங்கிய ஏர்கோன். மாட்ட வந்த கடை ஆள், "மழை படும், கென்வாஸ் போட்டுச் சுத்திக் கட்டிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப, இவரும் வீட்டுக்கு வெளியே மாட்டியிருக்கும் பெட்டியை, அதாவது வெளியூனிட்டை, இறுக்கிக் கட்டிவிட்டார். 14 மாதத்தில் அதன் உள்ளே வாயுவை அழுத்தும் கம்பரசர் எரிந்துவிட்டது. கம்பரசருக்கு 5 வருட வாரண்டி உண்டு. ஆனால் கடைக்காரரோ மழைத்தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி செல்லாது, 900 வெள்ளி (ரிங்கிட்) கட்டுங்கள் என்கிறாராம்.

அண்ணே, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வெளியூனிட் என்பதே வெயிலிலும் மழையிலும் நிற்பதற்காகச் செய்த பொருள். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விற்கிற பொருள் அது எதற்காக விற்கப்படுகிறதோ அதற்கு உதவ வேண்டும், நீடித்து உழைக்கவும் வேண்டும் என்கிறது. பேராக் மழையைத் தாங்காத வெளியூனிட் அந்தக் கணக்கில் சேராது. ரசீதில் "மழைக்குக் கடை பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தாலும் சட்டம் கொடுத்த உரிமையை அது பறிக்காது. வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ மின்னல் அடித்திருந்தாலோ கதை வேறு, உங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது மழை இல்லை, அந்தக் கென்வாஸ்தான். காற்றாடி வெளியே தள்ளுகிற சூடு போக வழியில்லாமல் திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றினால் கம்பரசர் எரிவதற்கு அதுவே போதும், ஈரமும் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும். பொருளைப் பயன்படுத்தக் கூடாத விதத்தில் பயன்படுத்தினீர்கள் என்று கடை திருப்பி அடித்தால் அது வலுவான வாதம்தான். ஆனால் கட்டச் சொன்னது யார்? அவர்கள் அனுப்பிய ஆள்! மாட்டிக் கொடுக்கும் வேலையை அக்கறையோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது, தவறான ஆலோசனை அந்தக் கடமையிலேயே விழுகிறது. அதனால் அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்குத் தங்கம், இன்றைக்கே படம் பிடித்து வேறொரு போனிலும் போட்டு வையுங்கள்.

அப்புறம், பழைய கம்பரசரை யாரிடமும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். வேறொரு ஏர்கோன்காரரை அழைத்துக் காட்டி, எதனால் எரிந்தது என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். கடைக்கு ஒரு கடிதம் எழுதி 14 நாள் தவணை கொடுங்கள். அசையவில்லையென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போரங் 1 (புகார் மனுப் படிவம்) போடுங்கள். கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பொதுவாக அங்கே வக்கீலுக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அதனால் கடைக்காரர்கள் லேசில் அலட்சியம் செய்வதில்லை.

கென்வாஸை அவிழ்ப்பதற்கு முன் கட்டிய நிலையிலேயே நாலு படம் எடுத்து வையுங்கள், பிறகு அதைத் திரும்பக் கட்ட வேண்டாம். மனசு கேட்கவில்லையென்றால் மேலே மட்டும் சின்னதாக ஒரு தகரம் போதும், முன்னும் பக்கமும் திறந்தே இருக்கட்டும். அந்தத் தகரத்துத் தண்ணீர் பக்கத்து வீட்டு அடுப்படிப் பக்கம் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொட்டினால் அடுத்த வழக்கில் நீங்கள்தான் பிரதிவாதி.