காக்கும் கடவுள் இருக்கும்போது நம் விருப்பம் நம்முடையதா?

"எல்லாம் வல்ல, நம் நல்லதையே நினைக்கிற ஒரு காவலர் இருந்தால் நமக்கென்று சுயவிருப்பம் எங்கே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்க முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தக் காவலருக்குச் சில நேரம் சும்மா இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

வைணவத்தில் இந்தப் பேச்சு வந்தாலே தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி கதையை எடுத்துவிடுவார்கள். அது சரணாகதி பற்றி வடகலை, தென்கலை என்ற இரு வைணவப் பிரிவுகளுக்கு இடையே உள்ள வழக்கு. உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதற்கு முன்பே பிரம்ம சூத்திரத்துக்கு ராமானுஜர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் இருக்கிறது. இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவர் மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க நினைக்கிறார். பங்காளி சம்மதிக்காமல் நடக்காது. அவரும் சரி என்கிறார். அப்புறம், கொடுத்த பலன் யாருக்கு? முனைந்து கொடுத்தவருக்குத்தான். கடவுளும் அப்படியே: முதல் முயற்சி நம்முடையது, அதைப் பார்த்து அவர் அனுமதி தருகிறார்.

கெட்டதற்கும் ஏன் அனுமதிக்க வேண்டும், மறுக்கலாமே? மறுத்துக்கொண்டே இருந்தால் 'இதைச் செய், அதைச் செய்யாதே' என்கிற சாஸ்திரத்துக்கே வேலை இல்லாமல் போய்விடும். தர்க்கமாக இது நன்றாகவே நிற்கிறது.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. திருடனின் சுயவிருப்பத்தை இந்த விளக்கம் காப்பாற்றிவிடுகிறது. பறிகொடுத்தவனுக்கு என்ன பதில்? அவனுடைய முன்வினை என்பார்கள். எனக்கு அது போதவில்லை.