மோசடி வழக்கு எண்ணிக்கையைத் திருட்டு வழக்கோடு ஒப்பிடலாமா?

கேள்வி: ஒரு நகரத்தில் திருட்டு, அடிதடி வழக்குகளைவிட மோசடி வழக்குகள் குறைவாகப் பதிவானால், அங்கே மோசடி குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாதுங்க. திருப்பூர்க்காரன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பைக் திருடு போனால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போகிறோம். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது. கொலையை மறைப்பது கடினம். மோசடியில் மட்டும், ஏமாந்தவரே வாயைத் திறப்பதில்லை.

எங்கள் அத்தை பதிவில்லாத ஏலச்சீட்டில் கட்டிய பணம் போயிற்று. சீட்டு நடத்தியவர் பங்காளி வகையில் சொந்தம். "கேஸ் போட்டா அவன் உள்ள போயிருவான், அப்புறம் காசு எப்படிடா வரும்? நாலு பேரு மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்று தடுத்துவிட்டார். அதே சீட்டில் கட்டிய மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள். காவல்துறைக் கணக்கில் அந்த மோசடி நடக்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது, எண்ணும் விதம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் ஒரு எஃப்.ஐ.ஆர். என்றால் ஒரு வழக்கு. ஒரு செல்போன் திருட்டும் ஒன்று, ஆயிரம் பேர் ஏமாந்த நிதி நிறுவனமும் ஒன்று. எங்கள் ஊரின் பாசி (Paazee) என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் போனது சுமார் 930 கோடி ரூபாய். சி.பி.ஐ. விசாரித்து, 2022 ஆகஸ்டில்தான் கோவை நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. இதன் கனத்தை வழக்கு எண்ணிக்கை காட்டுமா?

காலமும் குழப்பும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்க்கலாம் என்று மக்களிடம் பணம் வாங்கிய கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்தபோது, மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்ததால் யாரும் புகார் தரவில்லை. 2012-இல் கம்பெனிகள் கைவிரித்து, தீவனமில்லாமல் பறவைகள் செத்து, கால்நடைத் துறையே இரை போட வேண்டி வந்த பிறகுதான் புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டில் மோசடி கூடியதாகக் கணக்கு சொல்லும். ஆனால் பணம் வாங்கியது அதற்கு முந்தைய ஆண்டுகளிலும்தான்.

புகார் கொடுத்தாலும் உடனே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்பார்கள். அல்லது மனு ரசீது கொடுத்து விசாரணை என்று இழுப்பார்கள். வணிகம் சார்ந்த புகார்களில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று 2013-இல் லலிதா குமாரி தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இடம் கொடுத்திருக்கிறது. 1930 என்ற உதவி எண்ணுக்கு வரும் இணைய மோசடிப் புகார்களிலும் எல்லாமே வழக்காவதில்லை.

ஆகவே ஒப்பிடத்தான் வேண்டும் என்றால், பறிபோன தொகை, ஏமாந்தவர் எண்ணிக்கை, வந்த மனுக்களில் எத்தனை வழக்காயின என்ற மூன்றையும் கேளுங்கள்.

அத்தையைப் போல அடக்கிவைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஏமாற்றிப் பணம் பறித்த குற்றத்துக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால், வழக்குத் தொடரக் காலக்கெடு கிடையாது. நிதி நிறுவனத்தில் போட்ட பணமென்றால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கி, விற்றுப் பங்கிடவும் வழி உண்டு. ரசீது, பாண்டு பத்திரம் கையில் இருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் இப்போதாவது கொடுங்கள்.