சோதித்தறிதலும் அன்பும்

அன்புள்ள ஐயா,

புதிய ஏற்பாட்டிலுள்ள யோவானின் முதலாம் நிருபத்தை, அதாவது கடிதத்தைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர் எதைச் சொன்னாலும் ‘ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார்’ என்று தொடங்கித்தான் சொல்வார். கணவரை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு சகோதரியிடம், அந்த வீட்டில் மறைந்திருக்கும் பாவமே மரணத்துக்குக் காரணம் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அது ஆண்டவருடைய வார்த்தைதானா என்று பிறகு தனியாகக் கேட்டேன். ‘அன்பு சகலத்தையும் விசுவாசிக்கும் என்று வேதம் சொல்கிறது, உங்களிடம் அன்பு குறைந்துவிட்டது’ என்றார். அந்தச் சகோதரி அதன்பின் வருவதில்லை. சோதித்துப் பார்ப்பது அன்புக்கு விரோதமா? நான் குழுவை விட்டு விலகிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் அவர் சொன்னது, கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் வசனம், 1 கொரிந்தியர் 13:7. அதற்கு முந்திய வசனம், அன்பு ‘அநியாயத்தில் சந்தோஷப்படாமல், சத்தியத்தில் சந்தோஷப்படும்’ என்கிறது. அடுத்த அதிகாரத்தில், தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், ‘மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்’ என்று பவுல் எழுதுகிறார். அன்பைப் பற்றி எழுதிய அதே கடிதத்திலேயே, சபையில் பேசப்படும் வார்த்தையைக் கேட்பவர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கும்போது, ஒரு கேள்வி கேட்டதற்காக உங்களை அன்பற்றவர் என்று தீர்ப்பதற்கு அந்த வசனம் இடம் கொடுக்கவில்லை.

யோவானிடம் வருவோம். நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம், எல்லா ஆவிகளையும், அதாவது தீர்க்கதரிசனமாகப் பேசுகிறவர்களைப் பேசவைக்கும் ஆவிகளை, நம்பாமல், அவை ‘தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்’ என்கிறது. அங்கே வரும் கிரேக்க வினைச்சொல், உலோகத்தையும் நாணயத்தையும் நல்லதா கள்ளமா என்று உரசிப் பார்ப்பதற்கும் வழங்கிய சொல். ஆறு வசனங்கள் தள்ளி, ‘அன்பு தேவனால் உண்டாயிருக்கிறது’ என்கிறார். ‘தேவனால் உண்டானது’ என்ற ஒரே தொடர் முதலில் கேள்வியாகவும் பிறகு விடையாகவும் வருவதைக் கவனியுங்கள். சோதித்தறிவதை ஒரு பிரசங்கத்திலும் அன்பை இன்னொன்றிலும் கேட்டே பழகிவிட்டதால் இந்தத் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை. வசன எண்கள் புதிய ஏற்பாட்டுக்கு 1551இல்தான் இன்றைய வடிவில் வந்தன; எண்களை மறந்து அந்த அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள்.

ஆவியைச் சோதிக்க யோவான் தரும் அடையாளம், இயேசு கிறிஸ்து ‘மாம்சத்தில் வந்த’வர் என்று அறிக்கை செய்வது. சபையை விட்டுப் பிரிந்துபோன சிலர் அதை மறுத்தார்கள் என்பது நிருபத்திலிருந்தே தெரிகிறது. இது வெறும் கோட்பாட்டுச் சண்டை என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தேவன் ஓர் உடலில் வந்தார் என்பதை ஏற்காத மனம், பக்கத்தில் இருப்பவருடைய பசியையும் கண்ணீரையும் கீழான விஷயமாகவே பார்க்கும். சகோதரனுக்குக் குறைச்சல் உண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனிடம் தேவ அன்பு எப்படி நிலைகொள்ளும் என்று மூன்றாம் அதிகாரத்தில் அவர் கேட்பதும், ‘தான் கண்ட சகோதரனிடத்தில்’ அன்புகூராதவனைப் பற்றி நான்காம் அதிகாரத்தின் முடிவில் கேட்பதும் இந்த அடையாளத்தின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.

என் தாய் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் ஓர் ஊழியர் வந்து, அவர் எழுந்து நடப்பார் என்று ஆண்டவர் சொன்னதாக உரத்த குரலில் அறிவித்தார். நாங்கள் அழுதுகொண்டே நம்பினோம். தாய் இறந்த பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அதே சபையைச் சேர்ந்த ஒரு பெண்மணி இரவுதோறும் வருவார். படுக்கைப் புண் பெருகாதபடி தாயைப் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பார். ஈரத் துணியால் உதட்டை நனைப்பார். ஆண்டவர் தம்மிடம் பேசினார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும்’ அன்புகூர வேண்டும் என்ற யோவானின் வரியை வாசிக்கும்போதெல்லாம் அந்த ஈரத் துணிதான் என் நினைவுக்கு வருகிறது.

குழுவை நடத்துகிறவரை வெறுத்துவிடாதீர்கள். சகோதரனைப் பகைக்கிறவன் பொய்யன் என்ற எச்சரிக்கை சோதிக்கிறவரையும் கட்டுப்படுத்துகிறது. யோவான் சோதிக்கச் சொல்வது ஆவிகளை. அந்த மனிதருடைய உள்ளத்துக்கு நீங்களும் நானும் நியாயாதிபதிகள் அல்ல. ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தை துக்கத்தில் இருந்த ஒருவர்மீது குற்றத்தையும் பயத்தையும் ஏற்றியது. ‘அன்பிலே பயமில்லை’ என்ற வசனத்தோடு அதை வைத்துப் பார்த்தால், அது ஆண்டவரிடமிருந்து வந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. இதை அவரிடம் இன்னொரு முறை தனியாக, மரியாதையோடு, வேதத்தைத் திறந்துவைத்துச் சொல்லுங்கள். கேள்வியே கேட்கக் கூடாது என்று அவர் மறுபடியும் சொன்னால், விலகுவதில் குற்றமில்லை.

அந்த முடிவுக்கு இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சகோதரியை மட்டும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சற்று நேரம் கூட இருந்துவிட்டு வாருங்கள்.