தலைக்கு மேல் பத்து நிமிடம்: விண்வெளி வீரர்களுடன் மாணவர்கள் பேசும் ஹாம் ரேடியோ (கேள்வி பதில்)

2025 ஜூலை 4 அன்று பெங்களூரு யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்கள், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவுடன் ஹாம் ரேடியோ வழியாகப் பேசினார்கள். உரிமம் பெற்றவர்கள் ஆர்வத்துக்காக நடத்தும் அமெச்சூர் வானொலியைத்தான் ஹாம் ரேடியோ என்கிறோம்; அவர்களை 'ஹாம்' என்போம். நான்கு நாள் கழித்து, மேகாலயாவின் உமியத்தில் உள்ள வடகிழக்கு விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் கூடிய மாணவர்களுக்கும் அதே வாய்ப்புக் கிடைத்தது. அதிலிருந்து எனக்குக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவர், தேனி: ஐயா, விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செல்பேசி கோபுரம் எதுவும் இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் பேச முடிகிறது?

தம்பி, உன் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் தூரம் அதைவிட அதிகம். ஆனால் தேனியிலிருந்து சென்னைக்கு ஒரு சின்னக் கைக்கருவியை வைத்துக்கொண்டு நேரடியாகப் பேச முடியாது. நடுவே மலை, கட்டடம், பூமியின் வளைவு எல்லாம் மறிக்கின்றன. விண்வெளி நிலையத்துக்கும் உனக்கும் நடுவே காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் அலைகள் ஒளியைப் போல நேர்கோட்டில் போகும். கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் அலைக்கும் எட்டும். அங்கிருந்து வரும் குரல் 145.800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இறங்குகிறது. அந்த ஒலிபரப்பின் சக்தி, பழைய 40 வாட் குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைவிடக் குறைவு. அந்தச் சிறு சக்தி நம் வீட்டு மொட்டை மாடி வரை வந்து சேர்வதைக் காதால் கேட்கும்போது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்: எங்கள் பள்ளி இதற்கு விண்ணப்பிக்க முடியுமா? என்னென்ன தேவை?

முடியும் அம்மா. இதை நடத்துவது 'அரிஸ்' என்ற அமைப்பு. 'பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அமெச்சூர் வானொலி' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1996இல் பல நாடுகளின் ஹாம் சங்கங்களும் விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கியது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடுகிறது. உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விண்ணப்பம் போக வேண்டும்.

விண்ணப்பத்தில் அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் ஆண்டெனாவை அல்ல. மாணவர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான். பேசும் நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். அதற்கு முன்னால் பல மாதங்களுக்குச் சுற்றுப்பாதை, வானொலி அலை, விண்வெளியில் உடல்நலம் என்று பாடத் திட்டம் இருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை விழாவாக மட்டும் நடத்த நினைக்கும் பள்ளிகளுக்கு இது சரிவராது என்று வெளிப்படையாகவே சொல்வேன். கடைசி நாளில் மாலை, மேடை, பேனர் என்று ஓடிக்கொண்டிருந்தால் குழந்தைகளின் கையில் எதுவும் மிஞ்சாது.

தொடர்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நேரடி வழி. பள்ளி வளாகத்திலேயே வானொலி நிலையம் அமைக்க வேண்டும். வானில் நகரும் விண்வெளி நிலையத்தைத் தொடர்ந்து திரும்பும் யாகி ஆண்டெனா (ஒரே திசையை நோக்கும் ஆண்டெனா), அதைத் திருப்பும் மோட்டார், நிலையம் எப்போது எங்கே இருக்கும் என்று கணிக்கும் மென்பொருள், மாற்றுக்கு இன்னொரு ரேடியோ, மின்சாரம் போனால் பேட்டரி எல்லாம் வேண்டும். அருகிலுள்ள ஹாம் சங்கத்தின் துணை இல்லாமல் இதில் இறங்காதீர்கள். இன்னொன்று தொலைபேசிப் பாலம். இத்தாலி, பெல்ஜியம், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உள்ள அனுபவம் மிக்க ஹாம் நிலையம் ஒன்று விண்வெளி வீரரோடு தொடர்பு ஏற்படுத்தும். உங்கள் பள்ளி தொலைபேசி வழியாக அதனுடன் இணையும். முதல் முறை முயலும் பள்ளிக்கு இதுவே நல்லது. ஆனாலும் முடிந்தால் பள்ளி மாடியில் கேட்பதற்கு மட்டுமாவது ஓர் ஆண்டெனா வைக்கச் சொல்வேன். குழந்தைகள் தங்கள் கையால் கட்டியது ஏதாவது ஒன்று அந்த நிகழ்ச்சியில் இருக்க வேண்டும்.

விண்வெளி வீரர்களின் வேலை நேரத்தைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். எந்த வாரம் என்பது முதலில் தெரியும். எந்த நிமிடம் என்பது பிறகுதான் உறுதியாகும். தேர்வு வாரத்தில் விழுந்தாலும் விழும். தலைமை ஆசிரியரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெற்றோர், கோயம்புத்தூர்: பத்து நிமிடம்தானா? நிலையம் எப்போதும் மேலேதானே சுற்றுகிறது?

சுற்றுகிறது, ஆனால் மணிக்கு ஏறக்குறைய 27,600 கிலோமீட்டர் வேகத்தில். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் பூமியை ஒரு முறை சுற்றிவிடும். நம் அடிவானத்தில் ஒரு பக்கம் எழுந்து மறுபக்கம் மறையப் பத்து நிமிடம். இதை நாங்கள் 'பாஸ்' என்போம். நம் ஊர்களில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு பாஸ் கிடைக்கும். அவற்றில் சில அடிவானத்தை ஒட்டியே போய்விடும்.

இயற்பியல் மாணவி, திருச்சி: டாப்ளர் விளைவு இதில் தொல்லை தருமா?

ரயில்வே கேட்டில் நிற்கும்போது ரயிலின் ஊதல் நெருங்கி வருகையில் கூர்மையாகவும் கடந்து போகையில் தணிந்தும் கேட்பது நினைவிருக்கிறதல்லவா? இங்கும் அதேதான். நிலையம் நம்மை நோக்கி வரும்போது 145.800 என்பது ஏறக்குறைய 3.5 கிலோஹெர்ட்ஸ் கூடி வந்து சேரும். விலகும்போது அதே அளவு குறையும். குரலுக்கு இது பெரிய தொல்லை இல்லை. பெரும்பாலான கருவிகள் தாங்கிக்கொள்ளும். நிலையத்தில் உள்ள மறுஒலிபரப்பி, அதாவது கீழிருந்து வரும் குரலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி, 437.800 மெகாஹெர்ட்ஸில் பேசுகிறது. அங்கே மாற்றம் பத்து கிலோஹெர்ட்ஸ் வரை போவதால் கேட்டுக்கொண்டே அலைவரிசையைத் திருத்த வேண்டும். உங்கள் கல்லூரியில் இதை அளந்து வரைபடம் போட்டுப் பாருங்கள். அந்த வளைவிலிருந்தே நிலையத்தின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாடப்புத்தகத்தில் நான் படித்த டாப்ளரும் மாடியில் நின்று அளந்த டாப்ளரும் எனக்கு ஒன்றாகத் தோன்றியதே இல்லை.

தாய், விருதுநகர்: என் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள். இப்படி ஒரு வாய்ப்பு வந்தால் என்ன கேள்வி கேட்கச் சொல்லலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன் அம்மா.

முதலில், நீங்கள் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பெரியவர்கள் எழுதிக்கொடுத்த கேள்வி முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். "விண்வெளி ஆய்வின் எதிர்காலம் குறித்துத் தங்கள் கருத்து யாது" என்று எந்தக் குழந்தையும் தானாகக் கேட்காது. "மேலே இருக்கும்போது அம்மா சமையல் வாசனை நினைவுக்கு வருமா?" என்று கேட்கும். அதற்கு விண்வெளி வீரர் தரும் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

இரண்டாவது, நிலையத்தின் எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதற்கெல்லாம் நூலகம் இருக்கிறது. அங்கே வாழ்பவர் மட்டுமே சொல்லக்கூடியதைக் கேட்க வேண்டும். பயம், தூக்கம், கனவு, வலி, அங்கே சத்தம் எப்படி இருக்கும், பூமியில் எதைப் பார்த்தால் கண் நிற்கிறது என்பவை நல்ல கேள்விகள். கேள்வி ஒரே மூச்சில் முடிய வேண்டும். பத்து நிமிடத்தில் பதினைந்து இருபது குழந்தைகள் பேச வேண்டுமென்றால் கணக்கு உங்களுக்கே புரியும். வரிசையில் கடைசியில் நிற்கும் குழந்தைகளுக்கு நிலையம் மறைந்துபோய் வாய்ப்பு இல்லாமலும் போகலாம். எனவே இரண்டு கேள்வி கேட்கும் குழந்தை என்று யாரையும் வைக்காதீர்கள் என எல்லாப் பள்ளிகளிடமும் மன்றாடுவேன்.

கூச்சத்துக்கு மருந்து ஒத்திகை. ஓர் ஒத்திகையில் நான் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்து விண்வெளி வீரராகப் பேசினேன். ஒரு சிறுமி கேள்வியை அழகாகக் கேட்டுவிட்டு 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டாள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாத கருவி இது. 'ஓவர்' என்றால்தான் எதிர்ப்பக்கம் பேசத் தொடங்கும். நான் காத்திருந்தேன், அவளும் காத்திருந்தாள். அந்த மௌனத்தில் அவள் கண் கலங்கிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அடுத்த முறை அறையே அதிரும்படி 'ஓவர்' என்றாள். உங்கள் மகளையும் நான்கு முறை மைக் முன்னால் நிறுத்துங்கள். ஐந்தாவது முறை அவளே ஓடி வருவாள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: தமிழில் கேட்க முடியுமா?

மேலே இருப்பவருக்கு எந்த மொழி தெரியுமோ அந்த மொழியில் கேட்கலாம். இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான், ரஷ்யப் பிள்ளைகள் தங்கள் நாட்டு வீரர்களிடம் தாய்மொழியில் பேசியிருக்கிறார்கள். இப்போதைக்கு நம் பிள்ளைகள் கேள்வியைத் தமிழில் யோசித்து, தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். ஆங்கிலத்தில் யோசிக்கச் சொன்னால் தெரிந்த சொற்களுக்குள் கேள்வி சுருங்கிவிடும். அரங்கில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு பதிலையும் தமிழில் சொல்ல ஒருவரை நிறுத்துங்கள். ககன்யானுக்குத் தேர்வான வீரர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஒருநாள் சுற்றுப்பாதையிலிருந்து தமிழில் ஒரு 'வணக்கம்' கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கல்லூரி மாணவர், சேலம்: முதன்முதலில் இப்படிப் பேசியவர் யார்?

ஓவன் கேரியட். அழைப்புக்குறி, அதாவது ஹாம்களுக்கு உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி, டபிள்யூ5எல்எஃப்எல். 1983 நவம்பர் 28 அன்று புறப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தில் ஒரு கைக்கருவியை எடுத்துச் சென்றார். ஆண்டெனாவை ஜன்னலில் பொருத்திக்கொண்டு, ஓய்வு நேரத்தில் பூமியில் உள்ள ஹாம்களை அழைத்தார். முதலில் பதில் கிடைத்தது அமெரிக்காவின் மொண்டானாவிலிருந்து. அந்தப் பயணத்தில் ஜேஒய்1 என்ற குறியோடு அவரிடம் பேசியவர் ஜோர்டான் மன்னர் ஹுசைன். கேரியட்டின் மகன் ரிச்சர்ட் 2008இல் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அவரும் ஹாம் ரேடியோவில் பள்ளிகளோடு பேசினார்.

எனக்கு அவர்களைவிட நெருக்கமானவர் செர்கெய் கிரிகால்யோவ். 1991 மே மாதம் சோவியத் வீரராக மிர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். 1992 மார்ச்சில் திரும்பியபோது சோவியத் ஒன்றியம் கலைந்துபோயிருந்தது. அந்த மாதங்களில் அவர் ஹாம் ரேடியோவில் உலகெங்கும் உள்ளவர்களோடு பேசினார். அதே கிரிகால்யோவ் 2000 நவம்பரில் பன்னாட்டு நிலையத்தின் முதல் குழுவில் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார். அந்தக் குழுவின் தலைவர் வில்லியம் ஷெப்பர்டு, டிசம்பர் 21 அன்று சிகாகோவை அடுத்த லூதர் பர்பேங்க் பள்ளி மாணவர்களோடு பேசினார். பன்னாட்டு நிலையத்திலிருந்து ஒரு பள்ளியோடு நடந்த முதல் உரையாடல் அது.

பெற்றோர், மதுரை: பேசுவதற்குக் குழந்தைக்கு உரிமம் வேண்டுமா?

வேண்டாம். உரிமம் பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து கருவியை இயக்க, குழந்தை பேசலாம். அந்தந்த நாட்டு விதிக்கு உட்பட்டுத்தான். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். மோர்ஸ் என்னும் புள்ளி-கோடு ஒலிக்குறி தெரியாதவர்களுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: பேசும் வசதியுள்ள கருவியை உரிமம் இல்லாமல் வாங்கி வைத்திருப்பதே குற்றம். விண்வெளி வீரர்களும் பலர் உரிமம் பெற்றவர்களே. சுனிதா வில்லியம்ஸின் அழைப்புக்குறி கேடி5பிஎல்பி.

வாசகர், யாழ்ப்பாணம்: இங்கிருந்தும் கேட்குமா?

தாராளமாக. தலைக்கு நேர் மேலே வர வேண்டும் என்பதில்லை. அடிவானத்தை ஒட்டி நிலையம் தெரியும்போது அது உங்களிடமிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டரில் இருக்கும். சென்னையில் கேட்கும் பாஸ் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் கேட்கும்.

ஆசிரியர், புதுச்சேரி: அழைத்தும் பதில் வராமல் போனால்? பிள்ளைகள் ஏமாந்துவிடுவார்களே.

2016 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காம் பள்ளி, விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் டிம் பீக்கை அழைத்தது. மைக்கைப் பிடித்து அழைத்தவர் அந்தப் பள்ளி மாணவியே. முதல் அழைப்புகளுக்குப் பதில் இல்லை. அரங்கு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் பதறாமல் மறுபடியும் மறுபடியும் அழைத்தார். பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

நிலையம் அடிவானத்தில் இருக்கும்போது பதில் வராமல் இருப்பது இயல்பு. இதை மாணவர்களிடம் முன்பே சொல்லுங்கள். சில நேரம் கடைசி வரை வராமலும் போகும். அப்போது அரிஸ் அமைப்பினர் வேறொரு நேரம் பெற்றுத்தர முயல்வார்கள். தொடர்பு கிடைக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள். ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் போவதைத்தான் தாங்க மாட்டார்கள். அன்றைக்கே உட்கார வைத்து, ஆண்டெனா எந்தப் பக்கம் இருந்தது, நிலையம் எங்கே இருந்தது என்று பலகையில் வரைந்து பேசுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்: ஐயா, எங்கள் பள்ளிக்கு வாய்ப்புக் கிடைக்க நாளாகும். அதுவரை நான் என்ன செய்யலாம்?

நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்கு தம்பி. ஹார்டுவேர் கடையில் ஓர் இரும்பு அளவு நாடாவும் கொஞ்சம் பிவிசி குழாயும் வாங்கினால் யாகி ஆண்டெனா செய்துவிடலாம். நாடாவைச் சரியான நீளத்துக்கு வெட்டிக் குழாயில் குறுக்காகக் கட்ட வேண்டும். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். துணிநாடா சுற்றிக்கொள். உன் ஊரில் உரிமம் பெற்ற ஹாம் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய கருவியில் அதை இணைத்துக் கேள். சில குறிப்பிட்ட நாட்களில் மட்டும் நிலையத்திலிருந்து ஒலியாகப் படங்களை அனுப்புவார்கள். பறவைக் கூட்டம் கத்துவது போல இருக்கும். செல்பேசியில் அதற்கான செயலியைத் திறந்து அந்த ஒலியைக் கேட்க வைத்தால், இரண்டு நிமிடத்தில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக விரியும்.

பாஸ் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே மாடிக்குப் போய்விடு. நிலையம் தென்மேற்கில் எழுகிறது என்றால் ஆண்டெனாவைத் தென்மேற்கு அடிவானத்துக்கு நேராகப் பிடி. முதலில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். கையை இறக்கிவிடாதே. இரைச்சல் திடீரென்று அடங்கும் நொடிதான் நிலையம் வந்துவிட்டதன் அடையாளம். நான் முதல் முறை கேட்டபோது யாரோ ஒருவர் ரஷ்ய மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. நிலையம் மறைந்த பிறகும் நான் நெடுநேரம் ஆண்டெனாவை வடகிழக்கில் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தேன்.