குருத்து வெளுத்த நிலக்கடலைக்கு யூரியா எதற்கு?

கேள்வி: கிணற்றுப் பாசனத்தில் விதைத்த நிலக்கடலைக்கு முப்பது நாள் ஆகிறது. நுனி இலைகள் வெளுத்துவிட்டன. தழைச்சத்துக் குறைவு என்று கடையில் சொன்னதால் யூரியா இட்டு, அவர்களே கொடுத்த டானிக்கையும் தெளித்தேன், பலன் இல்லை. என்ன செய்யலாம்?
- பல்லடம் வட்டத்து வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் அடி இலைகள் கரும்பச்சையாகவே இருக்கின்றன, குருத்திலைகளில்தான் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகியிருக்கிறது. இது இரும்புச்சத்துக் குறைவு. தழைச்சத்து பற்றாவிட்டால், செடி பழைய இலையில் உள்ளதை எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும் என்பதால், அடி இலையே முதலில் பழுக்கும். இரும்பை அவ்வாறு இடம் மாற்றச் செடியால் இயலாது. ஆகையால் புதிதாக வரும் இலையே பச்சையம் இன்றி வெளுக்கிறது.

உங்கள் சுக்கான் நிலத்தில் இரும்பு இல்லாமலில்லை; சுண்ணாம்பு மிகுதியால் அது கரையாமல் கிடக்கிறது. எனவே மண்ணில் இடாமல் இலைவழியே கொடுங்கள். பத்து லிட்டர் தண்ணீரில் முதலில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தையும், பிறகு 50 கிராம் அன்னபேதியையும் (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலையில் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை தெளியுங்கள். அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். துருப்போல் பழுப்பேறியதை வாங்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. கந்தகம் குறைந்தாலும் இளம் இலைதான் மஞ்சளாகும். ஆனால் அப்போது நரம்பும் சேர்ந்தே வெளுக்கும். இலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நரம்பு பச்சையா மஞ்சளா என்று பாருங்கள். ஒரு செடியை வைத்து முடிவெடுக்காமல், நாலு மூலையிலும் பத்துச் செடிகளைப் பாருங்கள். நரம்பும் மஞ்சள் என்றால் அன்னபேதி வேண்டாம், கந்தகம் உள்ள ஜிப்சம்தான் தேவை. அதை எப்படியும் காய் பிடிக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 160 கிலோ இட்டு மண் அணைக்கத்தானே போகிறீர்கள்!

டானிக் விஷயத்துக்கு வருகிறேன். 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு விலை 266 ரூபாய் 50 காசு. அதைக் கேட்டுப் போகிறவர் தலையில் பல நூறு ரூபாய் பாட்டிலையும் கட்டிவிடுவது சட்டப்படி செல்லாது என்று தெரிந்தே நடக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-லேயே வந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் ரசீதில் டானிக்கை எழுத மறுக்கும்போது, கட்டாயப்படுத்தி விற்றதை யார் நிரூபிப்பது? மண்ணைப் பரிசோதித்துச் சத்துகளின் அளவைக் குறித்துத் தரும் மண்வள அட்டைத் திட்டமும் 2015 முதல் இருக்கிறது, அட்டையில் இரும்புக்கும் ஒரு வரி உண்டு. ஆனால் அட்டை கைக்கு வரும்போது பல ஊர்களில் கடலையே களத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஓர் அடி இலையையும் ஒரு குருத்திலையையும் பறித்துச் சென்று, எதில் குறை என்று அவரையே கேளுங்கள். எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.